கோதானம்: கிடாரி முதல் கறவை வரை

ஆலயத்துக்குப் பசு அளிப்பது தானங்களுள் தலைசிறந்த ஒன்று என்று நம் முன்னோர் போற்றி வந்தனர். திரிங்காப் வட்டார மெய்யன்பர்கள் சிலர், வேண்டுதல் நிறைவேறியதற்கு நன்றியாக நமது ஆலயத்துக்குப் பசுங்கன்று வாங்கித் தர முன்வந்துள்ளனர். நிர்வாகக் குழுவில் இது பற்றிப் பேசப்பட்டபோது மூன்று கேள்விகள் எழுந்தன. எந்த இனத்துப் பசு நம் மலைக்கு ஏற்றது? எந்தப் பசுவின் பால் நல்ல பால்? கன்று ஒன்று கறவைப் பசுவாவதற்கு எவ்வளவு காலம், எவ்வளவு தீனி வேண்டும்? இவற்றை எல்லாரும் அறியும் வண்ணம் ஆண்டு மலரில் எழுதுமாறு, ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் என்னிடம் கூறினர்.

முதல் இரண்டு கேள்விகளை எல்லாரும் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்பவர் குறைவு. ஆனால் தானம் பயன்படுமா, வீணாகுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த மூன்றாவது கேள்விதான்.

மலாயா மண்ணில் நம் மாடுகள்

மலாயாவுக்கு நம்மவர்கள் வந்தபோது மாடுகளும் கப்பலேறி வந்தன. இங்கே ஏற்கெனவே இருந்த கெடா-கிளந்தான் மாடு உருவில் சிறியது. இறைச்சிக்கும் உழவுக்கும் உதவுவது. பால் மிகக் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இந்தியாவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பல இனத்து மாடுகள், தோட்டங்களிலும் பட்டணத்து ஓரங்களிலும் ஒன்றோடொன்று கலந்து ஒரு கறவைக் கூட்டமாக உருவாயின. கால்நடைத் துறையினர் தங்கள் ஏடுகளில் இதற்கு ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’, சுருக்கமாக எல்.ஐ.டி., என்று பெயரிட்டனர். பின்னாளில் அரசாங்கம் பால் உற்பத்தியைப் பெருக்க முனைந்தபோது, அயல்நாட்டுப் பொலிகாளைகளின் விந்தைச் செலுத்திக் கலப்பினம் உண்டாக்க அடித்தளமாக அமைந்தவற்றுள் இந்த மாடுகளும் அடங்கும். தோட்டத்துத் தமிழரும் பட்டணத்துச் சீக்கியப் பால்காரரும் கொட்டகையில் கட்டி வளர்த்த மாடுகள் இந்நாட்டுப் பால் தொழிலின் முதல் முதலீடு என்றால் அது மிகையாகாது.

நம் மலையின் வரலாறு சற்றுப் பிந்தியது. 1885ஆம் ஆண்டில் இப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயரையே இம்மலை தாங்கி நிற்கிறது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலை நட வந்த நம்மவர்கள் லயத்துக்குப் பின்னால் மாடும் ஆடும் வளர்த்தனர். வேலை முடிந்து வரும்போது தலையில் ஒரு புல்லுக்கட்டு இருக்கும். பால் பிள்ளைகளுக்கும் கோயிலுக்கும் போயிற்று. சாணம் காய்கறித் தோட்டக்காரர்களுக்கு விலைக்குப் போயிற்று. பிறகு பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குச் சென்றனர். மேய்ச்சல் ஓரங்கள் காய்கறித் தோட்டமாகவும் பூந்தோட்டமாகவும் மாறின. டின் பாலும் பெட்டிப் பாலும் கடைக்கு வந்தன. இன்று அபிஷேகத்துக்குக்கூடப் பெட்டிப் பாலைக் கத்தரித்து ஊற்றுகிறோம். இந்தக் குறையைப் போக்க வேண்டும் என்ற எண்ணமே அன்பர்களின் வேண்டுதலுக்குக் காரணம்.

திமில் உள்ளவை, திமில் இல்லாதவை

உலகத்து மாடுகளைப் பொதுவாக இரு பிரிவாகக் கொள்ளலாம். திமில் உள்ள மாடுகள் நம் இந்திய மாடுகள். அவை வெயிலைத் தாங்கும். உண்ணிக்கும் உண்ணி பரப்பும் காய்ச்சலுக்கும் ஈடுகொடுக்கும். சுமாரான தீனியிலும் பிழைக்கும். திமில் இல்லாதவை ஐரோப்பிய மாடுகள். பால் மிகுதி, ஆனால் வெப்பமும் உண்ணியும் அவற்றுக்கு ஆகா.

இந்திய மாடுகள் எல்லாமே கறவை மாடுகள் அல்ல என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். காங்கேயம் நம் கண்ணுக்கு அழகான மாடு. கன்று செந்நிறமாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறமாகும். ஆனால் அது வண்டிக்கும் ஏருக்கும் உரிய இனம். தன் கன்றுக்குப் போக மிஞ்சும் பால் சிறிதே. கறவைக்குப் பெயர் பெற்றவை பஞ்சாபின் சாகிவால், சிந்து நாட்டின் செஞ்சிந்தி, குஜராத்தின் கிர் ஆகியவை. ஆகவே ‘நாட்டு மாடு’ என்று மட்டும் சொல்லி வாங்கினால், பாலுக்காக ஏர் மாட்டை வாங்கியவராகலாம்.

ஐரோப்பிய இனங்களில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். கறுப்பும் வெள்ளையுமான பிரீசியன் பெரிய உடம்பு கொண்டது. ஏறத்தாழ 600 கிலோ எடை. பால் அளவில் முதலிடம். ஜெர்சி மான் நிறம். ஏறத்தாழ 400 கிலோ. பால் அளவில் குறைவு, கெட்டியில் மிகுதி.

இவ்விரு பிரிவையும் கலந்தால் பாலும் தாங்கும் சக்தியும் ஓரளவு ஒன்றாகக் கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பிரீசியனையும் சாகிவாலையும் கலந்து ஓர் இனத்தை உருவாக்கினர். நம் நாட்டுக் கால்நடைச் சேவை இலாகா ஜொகூர், குளுவாங் பண்ணையில் அதே இரு இனங்களின் கலப்பை வளர்த்து, ‘மாஃப்ரிவால்’ என்று பெயரிட்டது. நம்மைப் போலவே தேயிலை விளையும் மூணாற்றில், மாட்டுப்பட்டி என்னும் இடத்தில் 1963இல் இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டம் தொடங்கியது. பழுப்பு நிறச் சுவிஸ் காளைகளைக் கேரளத்து நாட்டுப் பசுக்களோடு கலந்து அங்கே உருவானதே ‘சுனந்தினி’. தேயிலை மலையில் பால் வளரும் என்பதற்கு அதுவே சான்று.

கலப்பினத்தில் ஒரு நுட்பம் உண்டு. சுத்த நாட்டுப் பசுவுக்கும் சுத்த அயல் காளைக்கும் பிறக்கும் முதல் தலைமுறைக்குக் கலப்பின் வீரியம் முழுமையாக இருக்கும். அந்தக் கலப்பினங்களையே ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த தலைமுறையில் அந்த வீரியம் பாதியாகும். மீண்டும் மீண்டும் பிரீசியன் விந்தையே செலுத்திக்கொண்டு போனால் தாங்கும் சக்தி குறைந்துகொண்டே போகும். ஆகவே ‘கலப்பினம்’ என்று சொல்லி விற்கும் கன்றின் தாய் எது, தகப்பன் எது என்று கேட்டு எழுதி வாங்குவது அவசியம்.

நம் மலைக்கு எது ஏற்றது? சமவெளியில் பிரீசியனை வாட்டும் வெப்பம் இங்கே இல்லை. நம் வெப்பநிலை 25 பாகையைத் தாண்டுவது அரிது. அந்த அளவில் ஐரோப்பிய இரத்தம் சற்று மிகுந்திருந்தாலும் பாதகமில்லை. இங்கே தட்டுப்பாடு புல்லுக்கும் இடத்துக்கும்தான். மாடு ஒன்று தன் எடையில் 100க்கு 3 பங்கு உலர் தீனி உண்ணும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். கணக்கிட்டால், 350 கிலோ கலப்பினப் பசுவுக்குப் புல் மட்டும் கொடுப்பதானால் நாளொன்றுக்கு 50 கிலோவுக்கு மேல் வேண்டும். 600 கிலோ பிரீசியனுக்கு 90 கிலோ. சரிவான மலையில் தினமும் அவ்வளவு புல் அறுத்துச் சுமப்பவர் யார்? எனவே ஆலயத்துக்கும் சிறு குடும்பத்துக்கும் சிறிய உடம்பு கொண்ட ஜெர்சி கலப்பினமே பொருந்தும் என்பது என் கருத்து.

பாலுக்குள் இருப்பவை

பசும்பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர். எஞ்சிய 13 பங்கில் கொழுப்பு, புரதம், பால் சர்க்கரை, உப்புச் சத்துக்கள் உள்ளன. சர்க்கரை எல்லாப் பசுவிலும் 4.6 முதல் 4.8 விழுக்காடு வரை அநேகமாக மாறாமல் இருக்கும். மாறுவது கொழுப்பும் புரதமும். பிரீசியன் பாலில் கொழுப்பு 3.6 விழுக்காட்டை ஒட்டியும், சாகிவாலில் 4.5ஐ ஒட்டியும், ஜெர்சியில் 5ஐ ஒட்டியும் இருக்கும். எருமைப் பாலில் 7 அல்லது 8. ஆகவே 4.8 விழுக்காடு கொழுப்புள்ள 8 லிட்டர் பாலில் ஏறக்குறைய 384 கிராம் கொழுப்பு; 3.6 விழுக்காடுள்ள 10 லிட்டரில் 360 கிராம்தான். தயிருக்கும் நெய்க்கும் லிட்டர் கணக்கு மட்டும் பார்ப்பது போதாது.

மஞ்சள் நிறப் பால்தான் சத்துள்ளது என்பர் சிலர். அந்நிறம் பச்சைப் புல்லில் உள்ள கரோட்டின் என்னும் பொருளால் வருவது. எருமை அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் பால் வெள்ளையாக இருக்கிறது, சத்தில் குறைந்ததல்ல.

கொழுப்பு இனத்தைப் பொறுத்தது மட்டுமன்று. கறவையின் தொடக்கத்தில் வரும் பால் நீர்த்தும், மடியை ஒட்டக் கறக்கும் கடைசிப் பால் கெட்டியாகவும் இருக்கும். அவசரக் கறவைக்காரர் நல்ல பாலை மடியிலேயே விட்டுவிடுகிறார். அன்றியும், மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நார்த் தீனியைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பொருளிலிருந்தே பாற்கொழுப்பின் பெரும்பகுதி உருவாகிறது. புல்லைக் குறைத்துத் தவிட்டையும் புண்ணாக்கையும் கூட்டினால் பால் கூடும், கொழுப்பு குறையும். தண்ணீர் கலக்காமலே பால் தண்ணீராவது இவ்வாறுதான்.

பால்மானியை மட்டும் நம்புவோருக்கு ஒரு சொல். நல்ல பசும்பாலில் அது 28 முதல் 32 வரை காட்டும். தண்ணீர் கலந்தால் எண் இறங்கும். கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. ஆகவே ஏட்டை எடுத்துவிட்டால் எண் ஏறும். ஏட்டையும் எடுத்துத் தண்ணீரையும் ஊற்றினால் எண் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். இந்த வித்தையைப் பிடிக்கக் கொழுப்பை நேரடியாக அளக்கும் முறை வேண்டும். அத்தகைய எளிய சோதனையை அமெரிக்காவில் பாப்காக் என்பவர் 1890இல் வெளியிட்டார்.

‘ஏ2 பால்’ பற்றியும் பலர் கேட்கின்றனர். பாலில் உள்ள பீட்டா கேசின் என்னும் புரதச் சங்கிலியில் 67ஆம் இடத்தில் இருக்கும் ஒரே ஒரு கண்ணியின் வேறுபாடே ஏ1, ஏ2 என்பது. திமில் உள்ள மாடுகளில் பெரும்பாலானவை ஏ2 வகை. ஐரோப்பிய மாடுகளில் இரண்டும் உண்டு. ஏ1 பால் நோய் தரும் என்ற கூற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்து, 2009இல் அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. இதற்காக அதிக விலை கொடுத்துக் கன்று தேட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. காசநோயும் புரூசெல்லோசிஸ் என்னும் காய்ச்சலும் காய்ச்சாத பால் வழியாக மனிதரைப் பற்றக்கூடியவை. பாலை 63 பாகையில் 30 நிமிடமோ, 72 பாகையில் 15 வினாடியோ சூடாக்கினால் அக்கிருமிகள் மடியும். வீட்டில் ஒருமுறை பொங்கக் காய்ச்சினாலே போதும். கறந்த பாலால் அபிஷேகம் செய்யும் மரபு அப்படியே இருக்கட்டும். ஆனால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பிரசாதமாக வழங்கும் பால் காய்ச்சிய பாலாக இருக்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கிடாரி வளர்ப்பு

இனி மூன்றாம் கேள்விக்கு வருவோம். மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெற்றுப் பிறக்கிறது. கன்றுக்கு அந்தப் பேறு இல்லை. சீம்பால் வழியாகத்தான் அது கிடைக்கும். கன்றின் குடல் அந்தச் சக்தியை முழுதாக ஈர்க்கும் காலம் பிறந்த முதல் சில மணி நேரமே. ஒரு நாள் கழிந்தால் வாசல் மூடிவிடும். ஆகவே பிறந்த 6 மணி நேரத்துக்குள் சீம்பால் புகட்ட வேண்டும். முதல் நாளுக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போயிருக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றை ஊட்ட விடுவது என்று சிலர் காத்திருப்பர். அவ்வழக்கம் கன்றுக்குக் கேடு. தொப்புளில் அயோடின் தடவுவதும், நம் மலைக் குளிரில் ஊதல் காற்று படாமல் உலர்ந்த படுக்கை போடுவதும் முதல் வாரத்துப் பணிகள். கன்றுகளைப் பெரும்பாலும் கொண்டுபோவது கழிச்சலும் சளிக் காய்ச்சலுமே.

கிடாரி பருவத்துக்கு வருவதை வயதைவிட எடையே தீர்மானிக்கிறது. முதிர்ந்த எடையில் 100க்கு 60 முதல் 65 பங்கை எட்டிய பிறகே சினைப்படுத்த வேண்டும். ஜெர்சி கலப்பினத்துக்கு அது ஏறத்தாழ 240 கிலோ. கன்று 25 கிலோவில் பிறக்கிறது எனில், வளர வேண்டியது 215 கிலோ. நாளொன்றுக்கு 450 கிராம் வளர்ந்தால் 16 மாதத்தில் அந்த எடை வரும். அரைவயிற்றில் 250 கிராம்தான் வளர்ந்தால் 28 மாதம் ஆகும். சினைக்காலம் 280 நாட்களுக்குச் சற்று மேல். முதல் கிடாரி 25, 26 மாதத்தில் கன்று ஈனும்; இரண்டாவது 37, 38 மாதத்தில்தான் ஈனும். தீனியில் மிச்சம் பிடிப்பதாக நினைத்தவர், பாலில்லாமல் ஓராண்டு கூடுதலாகத் தீனி போட வேண்டியிருக்கும்.

அன்பு மிகுதியால் எதிர்த் தவறும் நேர்வதுண்டு. கோயில் கன்று என்று வருவோர் போவோர் எல்லாம் பழமும் பொங்கலும் ஊட்டுவர். மூன்றாம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை மடியின் பால் சுரப்பிகள் உருவாகும் காலம். அப்போது கன்று கொழுத்தால் மடியில் சுரப்பிக்குப் பதில் கொழுப்புப் படியும். பிற்காலத்தில் பால் குறையும். மீந்த சோறும் பொங்கலும் அளவுக்கு மீறினால் வயிறு புளித்து மாடு சாகவும் கூடும். கோசு இலை போன்ற காய்கறிக் கழிவிலும் எச்சரிக்கை தேவை. மருந்து தெளித்த இலை என்றால் நஞ்சு மாட்டுக்குள்ளும் பாலுக்குள்ளும் போகும்.

பருவம் 21 நாட்களுக்கு ஒருமுறை வரும். அரை நாள் முதல் முக்கால் நாள் வரையே நிற்கும். பல மாடுகள் உள்ள இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று தாவுவதைக் கொண்டு அறியலாம். தனியாகக் கட்டிய கோயில் கிடாரிக்குத் துணை இல்லை. அது கத்துவதையும், தீனி குறைவதையும், கண்ணாடி போன்ற வழும்பு தொங்குவதையும் கவனித்துத்தான் அறிய வேண்டும். காலையில் பருவம் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுவது வழக்கம். 1949இல் இங்கிலாந்து அறிஞர்கள் கிளிசரின் சேர்த்து விந்தை உறையவைக்கும் வழியைக் கண்டனர். அதன் பயனாக இன்று கழித்தல் 196 பாகைக் குளிரில் விந்து பல்லாண்டு கெடாமல் இருக்கிறது. நம் பகாங் மாநிலத்து ஜெராண்டுட்டில் உள்ள கால்நடை இலாகாவின் கழகம் இத்துறையில் பணியாற்றுகிறது. முதல் ஈற்றுக் கிடாரிக்குப் பெரிய உடம்புக் காளையின் விந்து கூடாது. கன்று பெரிதாகித் தாய்க்கு ஆபத்து. ஜெர்சி விந்து போட்டால் கன்று சிறிதாக இருக்கும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இரட்டைக் கன்றாகப் பிறந்து, கூடப்பிறந்தது காளைக்கன்றாக இருந்தால், அந்தக் கிடாரி 100க்கு 90க்கு மேல் மலடாகவே இருக்கும். கருவில் இரண்டின் இரத்தமும் கலப்பதே காரணம். பார்வைக்கு நல்ல கன்றாகவே தெரியும். வாங்கும் முன் கேட்டு அறிக.

தானம் முழுமை பெற

பிறக்கும் கன்றில் பாதி காளை. ஏரும் வண்டியும் இல்லாத மலையில் காளைக்கன்றுக்கு வேலை இல்லை. கோயில் அதை அறுப்புக்கு விற்கவும் முடியாது. பால் தராத அந்த உயிருக்கு 15, 20 ஆண்டு தீனி யார் போடுவது? இதைப் பேசாமல் பசுவை ஏற்பது பொறுப்பாகாது. பெண் கன்று பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்து இன்று கிடைக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு கிடாரியே பிறக்கும். விலை கூடுதல், ஆனால் நமக்கு அதுவே தக்கது.

ஆகவே என் பரிந்துரை இதுதான். கன்றை மட்டும் தானமாக ஏற்க வேண்டாம். கன்றோடு முதல் ஈற்று வரையிலான தீனி, மருத்துவம், சினை ஊசி ஆகியவற்றின் செலவையும் ஒருவரோ, பலர் கூடியோ ஏற்கட்டும். ஒருவர் கன்று, ஒருவர் ஓராண்டுப் புல், ஒருவர் கொட்டகைக் கூரை என்று பங்கிட்டால் ஒவ்வொன்றும் கோதானமே. கொட்டகை கட்டுமுன் மாவட்ட மன்றத்திடமும் கால்நடை இலாகாவிடமும் கேட்க வேண்டும். ஒரு பசு நாளொன்றுக்கு 20 கிலோவுக்குக் குறையாத சாணம் போடும். அது ஓடையில் கலக்காமல் எருவாக வழி வேண்டும்.

ஆலயத்தில் இடமோ ஆளோ இல்லையெனில், நம் ஊர்ப்பக்கத்து வார முறை கைகொடுக்கும். ஆலயத்துக்கு வந்த கிடாரியை மாடு வளர்க்கத் தெரிந்த குடும்பத்திடம் ஒப்படைப்பது. அவர்கள் வளர்த்துக் கறந்து, விசேட நாட்களில் அபிஷேகப் பாலும், பிற்பாடு ஒரு கிடாரிக் கன்றும் ஆலயத்துக்குத் தருவது. மலாய்க்காரர்களிடமும் இதே முறை ‘பாவா’ என்ற பெயரில் உண்டு. அவ்வாறு திரும்பி வரும் கிடாரியை அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்கலாம். ஒரு தானம் பல வீடுகளுக்குப் பால் தரும்.

கன்றின் பிறந்த நாள், தாய், காளையின் எண், மாதாந்தர எடை, பருவம் கண்ட நாள் ஆகியவற்றை எழுத ஆலயத்தில் ஒரு பதிவேடு திறக்குமாறு குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். மகளையே தகப்பன் காளைக்குச் சேர்க்கும் பிழை அதனால் தவிர்க்கப்படும். வேண்டுதல் வைத்துள்ள அன்பர்கள், கன்று வாங்கச் சந்தைக்குப் போகுமுன் குழுவினரைச் சந்தித்துப் பேசுமாறு பணிவன்புடன் அழைக்கிறேன். வாயில்லா ஜீவன் ஒன்று நம்மை நம்பி வரும்போது, அதன் வயிறு வாடாமல் காப்பதற்கு எல்லாம் வல்ல இறைவன் துணைபுரிவானாக.